வண்டி ஓடுகிறது, ஆர்.சி. புத்தகம் இறந்தவர் பெயரில் இருக்கிறது

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். வயது 26. பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவரிடம் 1991-ஆம் ஆண்டு யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்றை 28,000 ரூபாய்க்கு வாங்கினேன். கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் பல வருடம் நின்ற வண்டி. போர் போட்டு, பிஸ்டன் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, வயரிங்கைப் புதிதாக இழுத்து, மேலும் 31,000 செலவில் ஓடவைத்துவிட்டேன். ஆர்.சி. புத்தகம் இன்னும் முதல் உரிமையாளர் பெயரில் இருக்கிறது. அவரிடம் 2013-இல் வாங்கிய அண்ணன் பெயர் மாற்றவே இல்லை. பெயர் மாற்றத்துக்காக முதல் உரிமையாளர் அப்போது கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுப் படிவங்கள் 29, 30 மட்டும் இருக்கின்றன. முதல் உரிமையாளர் 2020-இல் இறந்துவிட்டார். எஃப்.சி. (தகுதிச் சான்று) 2011-இலேயே முடிந்துவிட்டது. “இறந்ததைச் சொல்லாதே, தேதியை நிரப்பிக் கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார் புரோக்கர். சம்மதிக்கலாமா? அதுவரை வண்டியை ஓட்டலாமா?

பதில்: தம்பி, இரண்டுமே கூடாது. ஆனால் வண்டியைக் கைவிடவும் வேண்டியதில்லை. நேர்வழி ஒன்று இருக்கிறது. அது ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதில் தொடங்குகிறது.

முதலில் விலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1985 முதல் 1996 வரை இங்கே தயாரான ஆர்எக்ஸ் 100-க்கு, ஆவணங்கள் சுத்தமாக இருந்தால், இன்று பல மடங்கு கேட்கிறார்கள். உங்களுக்கு 28,000-க்குக் கிடைத்ததற்கு இறுகிப்போன பிஸ்டன் காரணமல்ல. அதை எந்த மெக்கானிக்கும் சரிசெய்துவிடுவார். புத்தகம்தான் காரணம். அதையும் சேர்த்தே வாங்கியிருக்கிறீர்கள்.

புரோக்கர் சொல்வதை எடுத்துக்கொள்வோம். அந்தப் படிவங்களில் உள்ள கையெழுத்து உண்மையானதாகவே இருக்கட்டும். ஆனால் 2020-இல் இறந்தவர் இந்த வருடம் உங்களுக்கு விற்றதாகத் தேதி போட்டால், அது நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டும் ஆவணம். அதை அரசு அலுவலகத்தில் தாக்கல் செய்தால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 336, 340 பிரிவுகள் (போலி ஆவணம் உருவாக்குவது, அதைப் பயன்படுத்துவது) வரை போகக்கூடும். விண்ணப்பத்தின் கீழே வாங்குபவராகக் கையெழுத்திடப்போவது நீங்கள். புரோக்கரின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. நாளை வாரிசுகளில் ஒருவர் இறப்புச் சான்றிதழுடன் புகார் கொடுத்தால், நிலையத்துக்கு அழைக்கப்படுவதும் நீங்கள்தான்.

தவறு தொடங்கியது 2013-இல். மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆவது பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் அறிவித்திருக்க வேண்டும். இருவருமே செய்யவில்லை. பணமும் வண்டியும் கைமாறிய அன்றே சரக்கு விற்பனைச் சட்டப்படி அந்த விற்பனை முடிந்தது என்று நான் வாதிட முடியும். ஆனால் போக்குவரத்து அலுவலகப் பதிவேட்டுக்கு அந்த விற்பனை தெரியாது. அங்கே இன்றும் உரிமையாளர் இறந்தவரே.

ஆகவே வாரிசுகள் வழியாக வருவதுதான் நிலைக்கும். மத்திய மோட்டார் வாகன விதி 56-இன்கீழ், படிவம் 31-இல், இறப்புச் சான்றிதழும் வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழும் வைத்து, வாரிசுகளில் ஒருவர் பெயருக்கு முதலில் மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகள் சம்மதம் எழுதித் தர வேண்டும். மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டிய விண்ணப்பம் இது. தாமதத்துக்கான தொகையைக் கட்ட நேரும். பிறகு அந்த வாரிசிடமிருந்து புதிய படிவங்கள் 29, 30 மூலம் உங்கள் பெயருக்கு வரும். அண்ணன் 2013-இல் வாங்கியதையும், முழுத் தொகையைக் கொடுத்ததையும், பிறகு உங்களுக்கு விற்றதையும் ஒரே பிரமாணப் பத்திரமாக எழுதி இணையுங்கள். எதையும் மறைக்க வேண்டாம்.

அந்தக் குடும்பத்திடம் போகும்போது அண்ணனையும் அழைத்துச் செல்லுங்கள். முன்பின் தெரியாதவர் வந்து கையெழுத்துக் கேட்டால் யாருக்கும் பயம் வரும். இறந்தவரின் மனைவியிடம் ஒன்றை மட்டும் புரியும்படி சொல்லுங்கள்: பெயர் மாறாமல் இருப்பது அவர்களுக்கும் ஆபத்து. 2007-இல் ஒருவர் கார் ஒன்றை விற்றார். அது பல கை மாறி 2009-இல் விபத்தில் சிக்கியது. பதிவேட்டில் மட்டும் பெயர் மாறவில்லை. நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. உங்கள் வண்டி நாளை யார் மீதாவது மோதினால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் நோட்டீஸ் கணவரை இழந்த அந்த வீட்டுக்கும் போகலாம். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. வாரிசுச் சான்றிதழ் முதல் அலைச்சல் வரை எல்லாச் செலவையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. நீங்கள் அனுப்பிய புத்தகப் படத்தில் எஞ்சின் எண்ணின் கடைசி இலக்கம் எனக்கு 3 போலவும் தெரிகிறது, 8 போலவும் தெரிகிறது. பேனா மை பரவியிருக்கிறது. எஞ்சின் உறையிலும், ஹேண்டில் தண்டு நுழையும் கழுத்துக் குழாயிலும் பொறித்துள்ள எண்களை மண்ணெண்ணெய் தொட்டுத் துடையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள்; தேய்ந்த எண் சந்தேகத்தைத்தான் கிளப்பும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் எழும். அது புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பிறகு தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ தளத்தில் அந்த எண்களைத் தேடி, களவுப் பட்டியலில் இல்லை என்ற சான்றை அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஆர்எக்ஸ் திருடர்கள் விரும்பும் வண்டி. திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வைத்திருப்பது அதே நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவின்படி குற்றம். இந்தச் சோதனைத் தாள்கள் உங்கள் நல்லெண்ணத்துக்குச் சாட்சி. எஞ்சினே வேறு என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு என்னிடம் வாருங்கள். ஆர்எக்ஸ் 135 எஞ்சினை இதில் மாட்டி ஓட்டுவது பலருக்கு வழக்கம். பதிவுக்கு மாறான அத்தகைய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

புத்தகத்தில் பழைய ஃபைனான்ஸ் பதிவு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இருந்தால், கடன் தீர்ந்ததைக் காட்டி அந்தப் பதிவை நீக்கும் படிவம் 35 வேண்டும்.

எஃப்.சி. பெரிய தடை அல்ல. தனியார் வண்டி 15 ஆண்டு கடந்தால் ஓடவே கூடாது என்பது டெல்லி வட்டாரத்துச் செய்தி. தமிழ்நாட்டில் ஆய்வுக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 20 ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் 2025 ஆகஸ்ட் முதல் 2,000 ரூபாய். அதோடு பசுமை வரி உண்டு. தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 300 ரூபாய் என்று மத்திய விதி சொல்வதால், மொத்தக் கணக்கை அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். புகைச் சோதனையில் கவனமாக இருங்கள். 2000 மார்ச் 31 வரை தயாரான இரு சக்கர வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம் என்பதே வரம்பு. தயாரிப்பு ஆண்டைத் தவறாகப் பதிந்தால், நன்றாக டியூன் செய்த டூ-ஸ்ட்ரோக்கும் தோற்கும். திரையில் 1991 என்று வருகிறதா என்று நின்று பாருங்கள்.

அதுவரை தெருமுனை வரைகூட ஓட்ட வேண்டாம். செல்லுபடியாகும் பதிவு இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். காப்பீடு இல்லாததற்கு 2,000 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை. அதையாவது கட்டிவிடலாம். காப்பீடில்லாத வண்டியால் ஓர் உயிர் போனால் வரும் இழப்பீட்டைப் பட்டறைச் சம்பளத்தில் கட்டி முடிக்க முடியாது. ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால் குட்டியானையில் ஏற்றிச் செல்லுங்கள்.

வாரிசுகள் மறுத்துவிட்டால், உரிமையை அறிவிக்கக் கோரி உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் இந்த விலை வண்டிக்கு அந்த வழக்கைப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அண்ணனிடம் பேசி 28,000-ஐத் திரும்பப் பெறுவதே மேல். விற்க உரிமை உண்டு என்ற உறுதி ஒவ்வொரு விற்பனையிலும் அடங்கியிருப்பதாகச் சட்டம் கொள்கிறது. பணம் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம். நீங்கள் அனுப்பிய தாள்களில் பணம் கொடுத்ததற்கான ரசீது எதுவும் இல்லை. உறவு நன்றாக இருக்கும்போதே, தொகையும் தேதியும் எஞ்சின், சேஸிஸ் எண்களும் குறித்து, இரண்டு சாட்சிகளுடன் இந்த வாரமே எழுதி வாங்கிவிடுங்கள்.