தமிழ் பேசுகிறார் என்பதற்காகவே ஒருவரை ஆந்திர எல்லையில் போலீஸ் பஸ்ஸிலிருந்து இறக்கி விசாரிக்கலாமா?

கூடாது. குறிப்பிட்ட சந்தேகம் வேண்டும். மொழியும் கூலிவேலைக்காரத் தோற்றமும் சந்தேகம் ஆகாது. சித்தூர் பக்கம் இருக்கும் எங்களுக்கு இது வெறும் சட்டக் கேள்வி இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழ்த் தொழிலாளர்களை ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்றது. கூட வந்தவர்களைப் பஸ்ஸிலிருந்தே பிடித்துப் போனார்கள் என்று தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். அதற்கப்புறம் திருப்பதி பஸ்ஸில் வாய்திறந்து தமிழ் பேசவே என் மாமா தயங்குவார்.

பலர் நகராட்சித் தலைவரிடம் முறையிடுகிறார்கள். அவருக்குப் போலீஸ் மீது அதிகாரம் இல்லை. காவல்துறை மாநில அரசின் கையில். அதனால் மாவட்டப் போலீஸ் தலைவரான எஸ்.பி.க்குப் புகாரை எழுத்தில் கொடுங்கள். நடந்து ஒரு வருடத்துக்குள் மனித உரிமை ஆணையத்துக்கும் அனுப்பலாம். மாநில, மாவட்ட அளவில் போலீஸ் புகார் ஆணையம் வேண்டும் என்று 2006-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் போக வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். தெலுங்கு தெரியாவிட்டால், புரியாத காகிதத்தில் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.