பழைய பெற்றோல் லொறி காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தால்?

மார்கழி மழையில் களுவாஞ்சிகுடிப் பக்கம் பழைய பெட்போர்ட் லொறி விடியக்காலையில் ஸ்டார்ட் ஆகுதில்லை என்று கேட்டிருந்தீர்கள். நம்ம மட்டக்களப்புக் குளிர் ஒரு குளிரே இல்லை, ஆனாலும் ஆறிய எஞ்சினில் பெற்றோல் சரியாக ஆவியாகாது, அதனால் காற்றும் பெற்றோலும் சேர்ந்த கலவையில் பெற்றோல் கூட வேண்டும், அதற்குத்தான் காற்றைக் குறைக்கும் சோக் என்ற இழுக்கும் பிடி. அதை முழுதாக இழுத்து, அக்சிலேட்டரை இரண்டு தரம் மிதித்து விட்டுவிட்டு செல்ப் (எஞ்சினைச் சுற்றும் ஸ்டார்ட்டர் மோட்டார்) அடியுங்கள், பத்து செக்கனுக்கு மேல் வேண்டாம், பற்றரி பாவம். பிடித்ததும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள்.

பெற்றோல் மணம் குப்பென்று அடித்தால், பொறி அடித்துப் பெற்றோலைப் பற்றவைக்கும் பிளக் நனைந்துவிட்டது. சோக்கை முழுதாக உள்ளே தள்ளி, அக்சிலேட்டரை அடிவரை மிதித்தபடி செல்ப் அடியுங்கள். அப்புறம், மழைக்காலத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது, ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ரிபியூட்டரின் மூடியைத்தான். உள்ளே ஈரம் பிடித்தால் பொறி பிளக்குக்கே போகாது. கழற்றி உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள்.