இன்ஸ்பெக்டர் வருகிற நாளுக்காக எழுதாதீர்கள்

தொழிற்சாலைப் பாதுகாப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கோவை கணபதியில் பம்ப் உதிரி பாகங்கள் செய்யும் மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன். 60 பேர் வேலை செய்கிறார்கள். லேத்கள், இரண்டு பவர் பிரஸ், ஒரு கம்ப்ரசர், இரண்டு செயின் பிளாக். பேப்பர் எல்லாம் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் ஆபீசில், கொஞ்சம் கன்சல்டன்ட்டிடம், கொஞ்சம் ஆடிட்டரிடம். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஆய்வுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: கன்சல்டன்ட்டிடம் இருக்கும் ஒரிஜினல்களை இந்த வாரமே வாங்கி வந்துவிடுங்கள். அவரிடம் நகல் இருந்தால் போதும். ஆய்வுக்கு வருபவர் தொழிற்சாலையில் வைத்துத்தான் கேட்பார், "சார், அது கன்சல்டன்ட் ஆபீசில் இருக்கிறது" என்ற பதில் அங்கே உதவாது.

அடுத்து, எல்லாரும் ஃபைலிலிருந்து ஆரம்பிப்பார்கள், நீங்கள் மெஷினிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஷாப்பின் ஒரு மூலையிலிருந்து நடங்கள், ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் நின்று, இதற்கு என்ன பேப்பர் வேண்டும், அது எங்கே இருக்கிறது, எந்தத் தேதியோடு முடிகிறது என்று எழுதுங்கள். செயின் பிளாக், சங்கிலி, கயிறு போன்ற தூக்கும் சாமான்களைத் தகுதி பெற்ற நபர் ஒருவர் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது சோதித்துச் சான்று தர வேண்டும். மாடிக்குச் சரக்கு ஏற்றும் லிஃப்ட் இருந்தால் அதற்கு ஆறு மாதம்தான் கெடு. கம்ப்ரசரோடு இருக்கும் ஏர் டேங்கை மறந்துவிடுபவர்கள் நிறையப் பேர், அது அழுத்தக் கலன், அதற்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெளிப்பரிசோதனை உண்டு. சான்றிதழில் எழுதியிருக்கும் எண்ணும் அந்தச் செயின் பிளாக்கில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். இரண்டு செயின் பிளாக்கில் ஒன்று பழுதாகிப் புதிதாக வாங்கியிருப்பீர்கள், சான்றிதழ் பழையதன் பெயரிலேயே புதுப்பித்து வந்திருக்கும், இதை நான் எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். சான்று தந்தவருக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் கொடுத்த அங்கீகாரம் அன்றைய தேதியில் உயிரோடு இருந்ததா என்பதையும் பார்த்து, அதன் நகலையும் கூடவே வையுங்கள்.

அதே நடையில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். லைசென்சில் எத்தனை பேர், எவ்வளவு குதிரைத்திறன் என்று இருக்கும். ஐந்து வருடத்தில் நீங்கள் நான்கு மோட்டார் சேர்த்திருப்பீர்கள், பின்பக்கம் ஒரு ஷெட் போட்டிருப்பீர்கள், லைசென்சும் ஒப்புதல் பெற்ற வரைபடமும் அப்படியே பழையபடி இருக்கும். இதை வருபவர் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட நீங்களே முதலில் தெரிந்துகொண்டு திருத்தத்துக்கு விண்ணப்பிப்பது நல்லது.

மெஷின் முடிந்ததா, இப்போது ஆட்கள். விபத்துப் பதிவேடு, பயிற்சிப் பதிவேடு, கையுறை கண்ணாடி கொடுத்ததற்கான கையெழுத்து, ஓடுகிற மெஷினில் பெல்ட் மாற்றவும் எண்ணெய் விடவும் அனுமதி பெற்ற பயிற்சியுள்ள ஆட்களின் பெயர்ப் பதிவேடு, முதலுதவிப் பெட்டிக்குப் பொறுப்பானவரின் பயிற்சிச் சான்று. இவை தனித்தனியாகச் சரியாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அனுபவமுள்ள ஆய்வாளர் ஒரு ரிஜிஸ்டரை மட்டும் படிக்கமாட்டார், இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பார். வருகைப் பதிவேட்டில் ஒருவர் ஆறு நாள் வரவில்லை, இ.எஸ்.ஐ.க்குக் கையில் அடி என்று அறிக்கை போயிருக்கிறது, விபத்துப் பதிவேட்டில் அந்த மாதமே வெள்ளையாக இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடிபட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போனால் அதை இயக்ககத்துக்கு அறிவித்தே ஆக வேண்டும். "சின்னக் காயம்தானே, எழுதினால் வம்பு" என்று விடுவதுதான் பின்னால் பெரிய வம்பாகிறது.

வருபவர் அநேகமாக முதலில் புரட்டுவது ஆய்வுப் புத்தகத்தை. போன முறை என்ன குறிப்பு எழுதிவிட்டுப் போனார்களோ அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள், எந்தத் தேதியில், அதற்கு பில்லோ படமோ இருக்கிறதா, இதெல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். பல வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு ஆலையில் பவர் பிரஸ் ஒன்றில் ஒரு பையனுக்கு இரண்டு விரல் போனது. விசாரணையில் ஃபிட்டரின் ஷிஃப்ட் நோட்டை எடுத்தோம். பதினோரு நாளைக்கு முன்பே "கார்டு போல்ட் லூஸ், கார்டு நிற்கவில்லை" என்று பென்சிலில் எழுதியிருந்தார். கார்டு என்பது கை உள்ளே போகாமல் தடுக்கும் மறைப்பு. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. அவர் கடமையைச் செய்திருந்தார், அந்த வரியைப் படிக்க வேண்டிய நாங்கள் யாரும் படிக்கவில்லை. அந்த நோட்டை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், குறை எழுதுகிற ரிஜிஸ்டர் எதுவாக இருந்தாலும் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் போடுங்கள், யார் சரி செய்தார், எந்தத் தேதியில். திங்கட்கிழமை காலை முதலாளியான நீங்களே அந்தப் பக்கத்தைத் திறந்து, காலியாக இருக்கும் கட்டங்களை மட்டும் கேளுங்கள். இதைச் செய்கிற இடத்தில் ஆய்வுக்கென்று தனியாகத் தயாராக வேண்டிய வேலை பெரிதாக மிஞ்சாது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 2025 நவம்பர் 21 முதல், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. பழைய சட்டத்தின் கீழ் இருந்த விதிகள் புதியதற்கு முரண்படாத அளவுக்குத் தொடர்கின்றன. அதனால் "புதுச் சட்டம் வந்துவிட்டது, பழைய ரிஜிஸ்டர் எதற்கு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

கடைசியாக, எல்லாம் ஒரே அலமாரியில் இருக்கட்டும், சாவி ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் ஒருவரிடம் இருக்கட்டும். நீங்கள் வெளியூரில் இருக்கும் நாளில்தான் வண்டி வந்து நிற்கும்.

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அடுத்த வாரம் ஆடிட் இருக்கிறது. தீயணைப்புக் கருவி மாதாந்திரப் பரிசோதனை எட்டு மாதமாக எழுதவில்லை, எல்லாவற்றையும் இப்போது எழுதிக் கையெழுத்துப் போடு என்கிறார் மேலாளர். போடலாமா?

பதில்: போடாதீர்கள் தம்பி. உங்கள் வேலை பற்றிய பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் கையெழுத்து உங்களுடையது. நாளைக்கு ஏதாவது நடந்தால் அந்தத் தாளில் மேலாளர் பெயர் இருக்காது. புதிய சட்டத் தொகுப்பில் பதிவேட்டைப் பொய்யாக எழுதுவது தனிக் குற்றமாகவே இருக்கிறது.

அதோடு, இது பிடிபடாது என்று நினைப்பதே தப்பு. எட்டு மாதமும் ஒரே பேனா மை, ஒரே சாய்வில் கையெழுத்து, ஒரு தேதி ஞாயிற்றுக்கிழமை, இன்னொரு தேதி பொங்கல் விடுமுறை. கருவியில் தொங்கும் அட்டையில் ஒரு தேதி, ரிஜிஸ்டரில் வேறு தேதி. பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு பக்கம் பொய் என்று தெரிந்த பிறகு, நீங்கள் ஒழுங்காக எழுதிய மற்ற ரிஜிஸ்டர்களையும் அவர்கள் நம்பமாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், உங்கள் தொழிலில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. 2012 செப்டம்பர் 11ஆம் தேதி கராச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தீ வைத்தது யார் என்பது பின்னால் நீதிமன்றம் வரை போன வேறு விஷயம். ஆனால் உள்ளே இருந்தவர்கள் வெளியே வர முடியாமல் போனதற்குக் காரணம், வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்ததும் ஜன்னல்களில் கம்பி போட்டிருந்ததும். அந்தத் தொழிற்சாலைக்குச் சில வாரத்துக்கு முன்னால்தான் சர்வதேசத் தரச் சான்று கிடைத்திருந்தது. அவர்களிடம் ஃபைல் இருந்தது.

சரி, இப்போது என்ன செய்வது? இன்றைக்கே எல்லாக் கருவியையும் நிஜமாகவே போய்ப் பாருங்கள். முள் பச்சையில் நிற்கிறதா, கைப்பிடியில் செருகிய பின் சீலோடு இருக்கிறதா, ஓஸில் வெடிப்பு இருக்கிறதா, முன்னால் துணி மூட்டை அடுக்கியிருக்கிறதா. பார்த்ததை இன்றைய தேதியிலேயே எழுதுங்கள். விட்டுப்போன எட்டு மாதத்துக்கு, "இந்த மாதங்களில் பரிசோதனை நடக்கவில்லை, இன்று அனைத்தும் பார்க்கப்பட்டன, இனி மாதத்தின் முதல் சனிக்கிழமை இன்னார் பார்ப்பார்" என்று ஒரு குறிப்பு எழுதி மேலாளரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஆடிட்டர் இதற்கு ஒரு குறை எழுதுவார், எழுதட்டும். தன் குறையைத் தானே கண்டுபிடித்துச் சரி செய்த கம்பெனியை ஆடிட்டர்கள் நடத்துகிற விதமும் பொய் சொன்ன கம்பெனியை நடத்துகிற விதமும் வேறு வேறு, இரண்டையும் நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மேலாளரிடம் சண்டையாகப் பேசாமல் இந்தக் குறிப்பையே எழுதி எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். பெரும்பாலான மேலாளர்களுக்கு வேறு வழி இருப்பது தெரியாததால்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

கேள்வி: ரிஜிஸ்டர்களை எல்லாம் கம்ப்யூட்டரில் மட்டும் வைத்தால் போதுமா? (ஓசூர் வாசகர்)

பதில்: மின்னணு முறையில் வைக்கப் புதிய சட்டத் தொகுப்பு இடம் தருகிறது. ஆனால் கேட்டதும் திறந்து காட்டவும் அச்செடுத்துத் தரவும் முடிய வேண்டும், பாஸ்வேர்டு ஒரே ஒருவரிடம் இருந்து அவர் லீவில் போனால் கதை முடிந்தது. ஷாப்பில் அன்றாடம் எழுதும் நோட்டுகள் தாளிலேயே இருக்கட்டும் என்பது என் எண்ணம், மெஷின் பக்கத்தில் எண்ணெய்க் கையோடு நிற்பவர் கம்ப்யூட்டரைத் தேடிப் போகமாட்டார்.

கேள்வி: அண்ணா, நான் கோவைப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் ஃபெட்லிங்கில் (வார்ப்பில் ஒட்டிய மணலையும் பிசிறையும் எடுக்கும் வேலை) ஒன்பது வருடமாக இருக்கிறேன். வருடா வருடம் வண்டி வந்து எக்ஸ்ரே எடுக்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள். ரிசல்ட் கேட்டால் "எல்லாம் நார்மல், ஆபீஸ் ஃபைலில் இருக்கு" என்பார்கள். அதைப் பார்க்க எனக்கு உரிமை இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. போபாலில் 1984இல் நடந்த விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி அபாயகரமான தொழில்களுக்கென்று தனி அத்தியாயமே சேர்த்தார்கள். அந்தத் தொழில்களின் பட்டியலில் ஃபவுண்டரியும் உண்டு. அங்கே வேலை செய்பவருடைய உடல்நலப் பதிவேட்டைத் துல்லியமாக வைத்திருக்க வேண்டும், அதை அந்தத் தொழிலாளி பார்க்க வழி செய்ய வேண்டும், வேலையில் சேர்ப்பதற்கு முன்னும் வேலையில் இருக்கும்போதும் 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும், வேலையை விட்ட பிறகும்கூட அந்தப் பரிசோதனை தொடர வேண்டும் என்று அதிலேயே சொல்லியிருந்தது. உடல்நலப் பதிவேட்டுக் கடமை புதிய தொகுப்பிலும் தொடர்கிறது.

உங்கள் வேலைக்கு இது ஏன் முக்கியம் என்றால், மணல் ஒட்டிய வார்ப்பைக் கிரைண்ட் செய்யும்போது பறக்கும் நுண்ணிய சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கிவிடுகிறது. சிலிகோசிஸ் வந்த பிறகு அதைக் குணமாக்க மருந்து இல்லை, பல வருடம் கழித்து, வேலையை விட்ட பிறகும் வெளிப்படலாம். அது அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய், இ.எஸ்.ஐ.யும் தொழில்நோயாக ஏற்றுக்கொண்டது. அதனால் ஒரு வருடத்து "நார்மல்" என்ற சொல் உங்களுக்குப் போதாது, ஒன்பது வருடப் படங்களையும் வரிசையாக வைத்து டாக்டர் ஒருவர் பார்க்க வேண்டும்.

முதலில் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள், தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் பாதுகாப்புக் குழுவில் இருக்கும் தொழிலாளர் பிரதிநிதி மூலம் கேளுங்கள். தரவில்லை என்றால் ஆய்வாளரிடமே சொல்லலாம், புகார் சொன்னது யார் என்பதை அவர் வெளியே சொல்லக் கூடாது என்று பழைய சட்டமே வைத்திருந்தது. ஒவ்வொரு வருட அறிக்கையின் நகலையும் வீட்டில் ரேஷன் கார்டு வைத்திருக்கும் இடத்தில் வைத்திருங்கள். கம்பெனி மாறினாலும் அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு போங்கள், புது இடத்தில் எடுக்கும் படத்தை டாக்டர் பழையதோடு வைத்துப் பார்த்தால்தான் எந்த வருடத்திலிருந்து மாறத் தொடங்கியது என்று சொல்ல முடியும்.