இந்த வாரப் பாட்டுக்கு எத்தனை மார்க்?

வாராவாரம் வரும் புதுப் பாட்டுகளைக் கேட்டு மார்க் போட்டு எழுதுகிறவர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் பெருகிவிட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளும், அவற்றுக்கான பதில்களும்.

லாஸ்பேட்டை, கல்லூரி மாணவர்: அண்ணா, பாட்டு வந்த பத்தாவது நிமிஷமே விமர்சனம் போட்டால்தான் ஆட்கள் படிக்கிறார்கள். அது தப்பா?

தப்பில்லை தம்பி. ஆனால் மார்க் மட்டும் போடாதீர்கள். "முதல் காதுக்கு இப்படி" என்று நாலு வரி எழுதி நிறுத்துங்கள். மார்க்குக்கு மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் தடவை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காதால் மட்டும். லிரிக் வீடியோவில் ஹீரோ நடக்கிற நடைக்கு நாமே அரை மார்க் கூட்டிவிடுகிறோம். இரண்டாவது தடவை ஹெட்போன், பேனா, நேரக் குறிப்பு. மூன்றாவது தடவை ஒரு ராத்திரி கழித்து. அப்போது பாட்டைப் போடுவதற்கு முன்பே பல்லவியை முணுமுணுத்துப் பாருங்கள். மெட்டு வந்தால் பாட்டு உள்ளே இறங்கியிருக்கிறது. சொல் மட்டும் வந்து மெட்டு வரவில்லை என்றால் அது பாட்டு இல்லை, கோஷம்.

எல்லாப் பாட்டுக்கும் அதே மூன்று தடவைதான். திரும்பத் திரும்பப் பார்த்த பொருளின் மேல் தானாகவே விருப்பம் கூடும் என்று உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968லேயே காட்டிவிட்டார். பிடித்த நடிகர் பாட்டை இருபது தடவையும் மற்றதை ஒரு தடவையும் கேட்டுவிட்டுப் போடும் மார்க், பழக்கத்துக்குப் போட்ட மார்க்.

நெல்லிக்குப்பம்: 'வாரம்' என்பதை எந்தக் கிழமையில் தொடங்குவது?

2015 ஜூலை 10 முதல் உலக அளவில் புது இசைக்கு வெள்ளிக்கிழமை என்று முறைப்படுத்தினார்கள். நம் சினிமா சிங்கிள்களுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. நடிகரின் பிறந்தநாள், பண்டிகை, நல்ல நேரம் என்று எந்தக் கிழமையிலும் வரும். வெள்ளி முதல் வியாழன் வரை ஒரு வாரம் என்று வைத்து, சனிக்கிழமை எழுதுங்கள். வியாழன் ராத்திரி வந்த பாட்டுக்கு அந்த மூன்றாவது தடவைக்கு நேரம் கிடைக்காமல் போகலாம். அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடலாம். ப்ரோமோ, கிளிம்ப்ஸ் என்று 40 வினாடி வருவதற்கெல்லாம் மார்க் கிடையாது.

மஞ்சக்குப்பம்: எதைப் போட்டாலும் எனக்கு 7 தான் வருகிறது. பத்தை எப்படிப் பிரிப்பது?

மொத்தமாக ஒரு எண்ணைத் தேடினால் எல்லாருக்கும் 7 தான் வரும். பிரித்துப் போடுங்கள்: மெட்டு 3, வரி 2, குரல் 2, இசைக்கோப்பு 2, மிக்சிங் (குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலப்பது) 1. குத்துப் பாட்டு என்றால் வரிக்கு 1 ஆக்கி, மிச்சமான 1ஐத் தாளத்துக்குக் கொடுக்கலாம். ஆனால் அது குத்துப் பாட்டு என்பதைக் கேட்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். கேட்டு முடித்த பிறகு வகையை மாற்றினால், பிடித்த பாட்டைக் காப்பாற்றுகிறீர்கள் என்று பொருள்.

ஒரு கற்பனைப் பாட்டு. நீளம் 3:37, வேகம் 142 பிபிஎம் (நிமிஷத்துக்கு 142 தட்டு). குறிப்பேட்டில் இப்படி இருக்கும்:

0:00 நாதஸ்வரம், அடியில் சிந்தசைசர் பேஸ். 0:14 பல்லவி, குரலும் பேஸும் மட்டும். 0:41 அதே பல்லவி, டிரம்ஸ் சேர்கிறது. குரல் அமுங்குகிறது, இரண்டாவது வரியில் சொல் புரியவில்லை. 1:08 இடையிசை, 16 பார் (தாளச் சுற்று). முதல் 8 புதிது, அடுத்த 8 முன்னிசையை வெட்டி ஒட்டியது. 1:35 சரணம், மெட்டு மேலே ஏறுகிறது, பாடகி மேல் ஸ்தாயியில் கத்தாமல் நிற்கிறார். 2:16 பல்லவி. 2:43 இரண்டாவது சரணம் இல்லை, ஹூக் வரியே (மனசில் ஒட்டுகிற அந்த ஒரு வரி) எட்டுத் தடவை, முடிந்தது.

மார்க்: மெட்டு 2, சரணம் நன்றாக ஏறியும் கடைசி 54 வினாடியில் மெட்டு ஒரு அடி நகரவில்லை. வரி 1. குரல் 1.5. இசைக்கோப்பு 1, அந்த வெட்டி ஒட்டிய 8 பாருக்காகக் குறைந்தது. மிக்சிங் 0.5, 0:41ல் குரல் அமுங்கியதற்காக. மொத்தம் 6. இப்போது யாராவது "ஏன் 6?" என்று சண்டைக்கு வந்தால் 0:41ஐயும் 2:43ஐயும் போட்டுக் காட்டலாம்.

எழுத உட்காரும் முன் 5க்கு ஒரு பொருள் வைத்துக்கொள்ளுங்கள். தேடிப் போய்ப் போடமாட்டேன், பஸ்ஸில் வந்தால் காதைப் பொத்தவும் மாட்டேன் என்றால் அது 5. எல்லாம் முடிந்த பிறகு, பட்டியலில் முதலில் கேட்ட பாட்டை இன்னொரு தடவை கேளுங்கள். காது சூடேறும் முன் போட்ட மார்க் பெரும்பாலும் அரையாவது நகரும்.

அரியாங்குப்பம்: கடலூர் – பாண்டி பஸ்ஸில் ஒரு பாட்டு தூக்கலாகவும் அடுத்தது சப்பென்றும் கேட்கிறது. வீட்டில் அப்படித் தெரியவில்லையே?

சத்தம்தான் காரணம். ஒரே பாட்டை ஒரு டெசிபல் கூட்டிப் போட்டாலே "இது நல்லா இருக்கே" என்று தோன்றும். சத்தம் கூடக் கூட அடிக்குரலும் கீச்சுக்குரலும் நிறைவாகக் கேட்பது காதின் இயல்பு. பிளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டியது. பென் டிரைவில் எம்பி3 ஏற்றிப் போட்டால் இறுக்கி அழுத்தி மாஸ்டர் செய்த பாட்டு ஜெயித்துவிடும். செயலிகளில் அந்த விளையாட்டு எடுபடாது. ஸ்பாட்டிஃபை, யூடியூப் இரண்டும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கும், ஆப்பிள் மியூசிக் மைனஸ் 16க்கும் சத்தத்தைச் சமன் செய்கின்றன.

யூடியூபில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கணினியில் வீடியோ மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்தால், வால்யூம் வரிசையில் 62%, கன்டென்ட் லவுட்னெஸ் 4.1 டெசிபல் என்பதுபோல் வரும். அந்தப் பாட்டு அளவுக்கு மேல் 4.1 டெசிபல் சத்தமாக ஏற்றப்பட்டது, அதனால் யூடியூப் குறைத்துவிட்டது என்று அர்த்தம். 6 டெசிபல் என்றால் 50%. மைனஸ் எண் வந்தால் யூடியூப் கூட்டாது, 100% என்றே விட்டுவிடும். அந்தப் பாட்டுக்கு மட்டும் வால்யூமைக் கொஞ்சம் நாமே ஏற்றிக் கேட்டுவிட்டு மார்க் போடுவதுதான் நியாயம். மெல்லிய மெலடிகள் பாதி இப்படித்தான் அநியாயமாக மார்க் இழக்கின்றன.

சுற்றிலும் ஒலிக்கிற டால்பி அட்மாஸ் வடிவத்துக்கு உச்ச வரம்பு மைனஸ் 18. ஸ்டீரியோவோடு ஒப்பிட்டு "சத்தமே இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த துண்டைக் கேட்டு மிக்சிங்குக்கு மார்க் போடவே போடாதீர்கள்.

வைத்திக்குப்பம்: மாசி மகத்துக்குக் குழாய் ஸ்பீக்கரில் பட்டையைக் கிளப்புகிற பாட்டு ஹெட்போனில் ஏன் எடுபடவில்லை?

குழாய் ஸ்பீக்கரில் அடிநாதம் வராது, மேலே சன்னமான ஒலியும் வராது, நடுப்பகுதிதான். குரல், நாதஸ்வரம், பறையின் 'சட்' ஒலி எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. அதனால் பேஸ் குழம்பிப்போன மிக்ஸ்கூட அதில் தெளிவாகக் கேட்கும். கூட்டமும் சத்தமும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மார்க்கை ஹெட்போனில் கேட்டுப் போடுங்கள். "திருவிழாவுக்கு ஆகும்" என்று பக்கத்தில் ஒரு வரி எழுதலாம், சவுண்டு சர்வீஸ்காரருக்கு அதுதான் வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர், தமிழாசிரியர்: வரிகளுக்கு மார்க் போடுகிறவர்கள் 'அருமையான வரிகள்' என்பதற்கு மேல் எழுதுவதே இல்லை, ஐயா. எதைப் பார்க்க வேண்டும்?

நீங்களே சொல்லித் தர வேண்டிய விஷயம் ஐயா, இருந்தாலும். முதலில், மெட்டு சொல்லை எங்கே இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். குறில் மேல் நீண்ட ஸ்வரம் விழுந்தால் 'மலை' 'மாலை' ஆகிவிடும், 'கல்' 'கால்' ஆகிவிடும். மெட்டு முதலில், வரி பிறகு என்கிற நடைமுறையில் பாடலாசிரியர் நெடில் தேடித் தேடித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதைச் சாதித்தவருக்கு மார்க் கொடுங்கள். அடுத்து உச்சரிப்பு: 'மழை'யை 'மளை' என்று பாடினால் அது குரல் மார்க்கில் குறைய வேண்டும், வரியில் அல்ல. லிரிக் வீடியோவில் 'கரை'க்கு 'கறை' என்று போட்டிருந்தால் வீடியோ செய்தவர் பிழை.

தொடை பார்க்கும்போது, இன்றைய பாட்டுகளில் கடைசி எழுத்து ஒத்துப்போகும் இயைபுதான் மலிந்து கிடக்கிறது. இரண்டாம் எழுத்து ஒத்துவரும் எதுகை, 'கடலோரம் – உடலோரம்' மாதிரி, குறைந்துவிட்டது. அது தாளத்தில் விழுகிற இடத்தில் தெறிக்கும். கேட்டால் குறித்து வையுங்கள்.

செம்மண்டலம்: ஆட்டோடியூன் போட்ட குரலுக்கு மார்க் குறைக்கலாமா?

போட்டதற்காகக் குறைக்க வேண்டாம். 1997ல் வந்த கருவி, இன்று ஏதோ ஒரு வகைச் சுருதித் திருத்தம் இல்லாத பாட்டு அபூர்வம். கெடுத்ததற்காகக் குறையுங்கள். அது குரலைப் பன்னிரண்டு ஸ்வரத்தானங்களில் ஒன்றுக்கு இழுத்து உட்கார வைக்கிறது. திருத்த எடுக்கும் நேரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகும் இடம் படிக்கட்டாகிவிடும். இந்துஸ்தானிப் பாணியின் 'மீண்ட்', நம் கமகம் எல்லாம் அந்த வழுக்கலில்தான் இருக்கின்றன. ஒரு சொல்லின் கடைசி அசைவை மட்டும் நாலைந்து தடவை கேளுங்கள். ஆட்டம் மழுங்கி நேர்கோடாக இருந்தால் பிடித்துவிடலாம். ராப் பகுதியில் அதையே வேண்டுமென்று வாத்தியம்போல் பயன்படுத்தியிருந்தால் அது வேறு கணக்கு.

வில்லியனூர்: ராகப் பெயர் எழுதினால் யாராவது வந்து திருத்துகிறார்கள்.

ஆதார ஸட்ஜத்தை, அதாவது 'ஸ' எங்கே என்பதை, தவறாகப் பிடித்தால் அப்படித்தான் நடக்கும். மோகனத்தின் அதே ஐந்து ஸ்வரங்களை வைத்துக்கொண்டு, ரிஷபத்தை ஸட்ஜமாக எண்ணினால் மத்யமாவதி, காந்தாரத்தை எண்ணினால் ஹிந்தோளம், பஞ்சமத்தை எண்ணினால் சுத்த சாவேரி. பல்லவி எந்த ஸ்வரத்தில் வந்து ஓய்கிறது, பேஸ் எதைப் பிடித்து நிற்கிறது என்று முதலில் பாருங்கள். இடையிசையில் வெளி ஸ்வரம் வந்துவிட்டால் "மோகனத்தின் சாயல்" என்று எழுதுங்கள். சினிமா மெட்டுக்கு அந்தச் சொல்லே பெரும்பாலும் சரியானது.

பண்ருட்டி: வேகத்தை எப்படி அளப்பது? செயலி 192 காட்டுகிறது, எனக்கு மெதுவாகத்தான் கேட்கிறது.

15 வினாடிக்குத் தொடையில் தட்டி எண்ணி, நாலால் பெருக்குங்கள். 24 தட்டு வந்தால் 96. செயலி ஹை-ஹாட்டை (டிரம்ஸில் 'ட்ஸ் ட்ஸ்' என்று ஒலிக்கும் ஜோடித் தட்டு) எண்ணி இரட்டிப்பாக்கியிருக்கிறது. ஆட ஆள் எந்த வேகத்தில் காலை வைப்பார் என்பதுதான் உங்கள் எண்.

முத்தியால்பேட்டை: முன்னிசையே இல்லாமல் நேராக ஹூக்கில் இறங்கிவிடுகிறார்களே?

ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம் கணக்கு. அதற்குள் ஆளைப் பிடிக்கத்தான் இந்த அவசரம். முன்னிசை இல்லை என்பதற்காக மார்க் குறைக்காதீர்கள். இருந்து, அது நன்றாகவும் இருந்தால் கூட்டுங்கள்.

கடலூர் முதுநகர்: 24 மணி நேரத்தில் இத்தனை மில்லியன் பார்வை என்று வருவதை விமர்சனத்தில் சேர்க்கலாமா?

எந்த எண் என்று பார்த்துச் சேருங்கள். விளம்பரமாகக் காசு கொடுத்து ஓட்டிய பார்வைகளைத் தன் இசை வரிசைப் பட்டியலிலும் 24 மணி நேரச் சாதனைக் கணக்கிலும் சேர்ப்பதில்லை என்று யூடியூப் 2019 செப்டம்பரில் அறிவித்தது. வீடியோவுக்குக் கீழே தெரியும் எண் வேறு. 2021 நவம்பருக்குப் பிறகு டிஸ்லைக் எண்ணிக்கையும் வெளியே தெரிவதில்லை, ஆக அதையும் ஆதாரம் காட்ட முடியாது.

உப்பளம்: விமர்சன வீடியோவில் ஏழு வினாடி வரை பாட்டைப் போடலாமாமே?

அப்படி ஓர் எண் சட்டத்தில் இல்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விமர்சனத்துக்காக நியாயமாகப் பயன்படுத்த இடம் தருகிறது, வினாடிக் கணக்கு சொல்லவில்லை. ஆனால் உரிமையுள்ள பாட்டைக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி ஓர் இயந்திரம். அது சட்டப் பிரிவைப் பார்க்காது, ஒலியைப் பார்க்கும். பின்னணியில் பாட்டை ஓடவிட்டுப் பேசினால் மாட்டும். நேரக் குறிப்பைச் சொல்லிவிட்டு, "1:52ஐப் போய்க் கேளுங்கள்" என்று அனுப்புவதே தலைவலி இல்லாத வழி.

இதே எச்சரிக்கையோடு இன்னொன்று: இரண்டு பாட்டு ஒன்றுபோல் கேட்டால் 'காப்பி' என்று எழுதாதீர்கள். ஒரே நாலு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ஆயிரம் பாட்டில் வரும். ஸ்வர வரிசையும் ஒவ்வொரு ஸ்வரத்தின் நீளமும் சேர்ந்து ஒத்துப்போகிறதா என்று பார்த்து, இரண்டு பாட்டிலும் நேரத்தைக் குறிப்பிட்டு 'சாயல்' என்று எழுதுங்கள். உரிமை வாங்கிப் பயன்படுத்தியிருந்தால் வீடியோ விவரத்தில் பெரும்பாலும் பெயர் இருக்கும், முதலில் அதைப் படியுங்கள்.

ரெட்டியார்பாளையம்: படக்குழு இசை வெளியீட்டு விழாவுக்கு பாஸ் மட்டும் கொடுத்தது, காசு வாங்கவில்லை. சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். இந்திய விளம்பரத் தர மன்றம் (ASCI) 2021ல் கொண்டுவந்த விதிகளில் இலவசப் பொருளும் பயணமும்கூட வெளியே சொல்ல வேண்டிய தொடர்புதான். கட்டுரையின் முதல் வரியிலேயே போடுங்கள்.

தவளக்குப்பம்: ஜூன் 21ல் ஃபெத் த லா மியூசிக் என்கிற பிரெஞ்சு இசைத் திருநாளுக்குப் பாடுகிற நம் ஊர்ப் பசங்களின் சுயாதீனப் பாட்டைச் சினிமாப் பாட்டோடு ஒரே பட்டியலில் வைக்கலாமா?

வைக்கலாம். மிக்சிங்குக்கு ஒரே ஒரு மார்க் வைத்ததே அதற்காகத்தான்; ஸ்டூடியோச் செலவு அந்த ஒன்றோடு நின்றுவிடும், மெட்டுக்கும் வரிக்கும் பணம் குறுக்கே வராது. ஊர்ப் பாசத்துக்கு மட்டும் மார்க் போட்டுவிடாதீர்கள். அவர்களுக்கே அது உதவாது.

குறிஞ்சிப்பாடி: போன மாதம் 4 கொடுத்த பாட்டு இப்போது படத்தோடு பார்த்தால் 7 போடத் தோன்றுகிறது. திருத்தலாமா?

4ஐ அழிக்காதீர்கள். அதன் கீழே தேதி போட்டு, "படத்தில் பார்த்த பிறகு" என்று எழுதி 7ஐச் சேருங்கள். எந்த இனத்தில் அந்த மூன்று மார்க் ஏறியது என்றும் எழுத வேண்டும். ஐந்து இனத்தில் எதிலும் ஏறவில்லை என்றால் ஏறியது காட்சிக்கு. அதைப் பட விமர்சனத்தில் போடுங்கள்.