எக்ஸ்போசாட் பாத்துட்டு ஏரோஸ்பேஸ் சீட்டுக்கு ஓடாதீங்க சார்

வணக்கம் சார், நீங்க அனுப்புனத படிச்சேன். பொண்ணு பிளஸ் டூல நல்ல மார்க், இஸ்ரோ அனுப்புன எக்ஸ்ரே ஆராய்ச்சி சாட்டிலைட் எக்ஸ்போசாட், அதோட லாஞ்ச் வீடியோவ திரும்பத் திரும்ப போட்டுப் பாக்குறா, கருந்துளைய பத்தி கேட்டே உங்கள தொளைச்சு எடுக்குறா, உங்க மச்சான் உடனே ஏரோஸ்பேஸ்தான், தெரிஞ்ச காலேஜ்ல மேனேஜ்மென்ட் சீட் இருக்குன்னுட்டார், நீங்க வீட்டுப் பத்திரத்த கையில வச்சுக்கிட்டு தூக்கமில்லாம இருக்கீங்க. ஆறுதல் சொல்லத்தான் உக்காந்தேன், பத்திரம்னு பாத்ததும் மனசு மாறிடுச்சு. மொதல்ல அத பீரோவுல வச்சுப் பூட்டுங்க.

மச்சான் கண்ணுக்கு ராக்கெட்தான் தெரியுது. 2024 ஜனவரி 1 அன்னைக்கு ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து போன பிஎஸ்எல்வி-சி58 ராக்கெட் எக்ஸ்போசாட்ட சுமார் 650 கிலோமீட்டர் ஒசரத்துல கொண்டு போய் விட்டுச்சு, சரி. ஆனா பொண்ணு கேக்குற கேள்வியெல்லாம் உள்ள இருந்த கருவியப் பத்தி. விண்வெளியில இருந்து வர்ற எக்ஸ்ரேய காத்துமண்டலம் தடுத்துரும், அதான் சாட்டிலைட்டே தேவைப்படுது. போலிக்ஸ்னு ஒரு கருவி, வர்ற எக்ஸ்ரே நடுவுல இருக்குற ஒரு லேசான பொருள்ல பட்டு செதறும், சுத்தி இருக்குற நாலு டிடெக்டரும் எந்தப் பக்கம் எவ்வளவு விழுதுன்னு எண்ணும், ஒரு திசையில மட்டும் தூக்கலா இருந்தா அந்த எக்ஸ்ரே போலரைஸ் ஆகியிருக்கு, அதாவது அதோட அலை ஒரே திசையில அதிகமா அதிருது, அத வச்சு அது கெளம்புன எடத்துல காந்தப்புலம் எப்படின்னு துப்பு துலக்கலாம். இத செஞ்சது பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனம். அங்க நடக்குறது பிசிக்ஸ் சார், விமானம் கட்டுறது இல்ல.

அதனால பிஎஸ்சி பிசிக்ஸ். அரசு கலைக் கல்லூரி போதும், ஃபீஸ் உங்க கைக்குள்ள அடங்கும். மூணாவது வருஷம் ஜாம்னு எம்எஸ்சிக்கான நுழைவுத் தேர்வு எழுதட்டும், நல்ல ரேங்க் வந்தா ஐஐடில எம்எஸ்சி கெடைக்கும், அப்புறம் பிஎச்டிக்கான ஜெஸ்ட், நெட் தேர்வுல ஒண்ண எழுதி பிஎச்டி. ஜேஆர்எஃப்னு ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஃபெல்லோஷிப் கெடைச்சா மாசம் 37,000 ரூபாய் உதவித்தொகை, அதாவது படிக்கும்போதே அவளுக்குப் பணம் வரும், நீங்க கட்டத் தேவையில்ல. காலேஜ்ல இருக்கும்போதே பைத்தான்னு கம்ப்யூட்டர் புரோகிராமிங் மொழிய கத்துக்கட்டும், 2015ல போன ஆஸ்ட்ரோசாட்ங்கிற இஸ்ரோவோட வானியல் சாட்டிலைட் எடுத்த டேட்டாவ இஸ்ரோ இலவசமாவே குடுக்குது, அத டவுன்லோட் பண்ணி ஒரு நட்சத்திரத்தோட வெளிச்சம் ஏறி எறங்குறத அவளே வரைஞ்சு பாக்கலாம். அதுல ரெண்டு வாரம் உக்காந்தும் அலுக்கலைன்னா அவ எடம் அதுதான். அலுத்துப்போச்சுன்னாலும் நல்லதுதான், சீக்கிரமே தெரிஞ்சுரும் பாருங்க.

"பிஎஸ்சியா, டீச்சர் வேலைக்கா"ன்னு சொந்தக்காரங்க இளக்காரமா கேப்பாங்க, கேக்கட்டும். ஆனா ஒண்ண மறைக்க மாட்டேன், பிஎச்டி முடிய 27, 28 வயசாயிரும், இஸ்ரோ வேலைக்கு யாரும் கேரண்டி தர முடியாது. கல்யாணப் பேச்ச நடுவுல கொண்டு வந்து படிப்ப நிறுத்துவீங்கன்னா இப்பவே அவகிட்ட சொல்லிருங்க. அவளுக்கே இஞ்சின், இறக்கை மேலதான் ஆசைன்னா கவுன்சிலிங்ல வர்ற சீட்ல இஞ்சினியரிங் படிக்கட்டும், நான் தடுக்கல. அத அவ வாயால சொல்லணும், மாமா சொல்லக்கூடாது. அது வரைக்கும் அந்த காலேஜ்காரங்க சீட் புடிச்சு வைக்க அட்வான்ஸ் கேட்டா ஒத்த ரூபா குடுக்காதீங்க.