‘அசுரன்’ பார்த்தாயிற்று, இனி ‘வெக்கை’ படிக்க வேண்டுமா?

பூமணியின் ‘வெக்கை’ நாவலைத்தான் வெற்றிமாறன் ‘அசுரன்’ படமாக எடுத்தார். கதைதான் தெரிந்துவிட்டதே, அப்புறம் எதற்குப் புத்தகம் என்று கேட்கிறீர்கள். அவசியம் படியுங்கள். பூமணியே நாவலைத் திறந்ததும் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுகிறார். அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை வெட்டி எடுக்கத்தான் சிதம்பரம் நினைக்கிறான், ஆள் செத்தே போகிறான். பையனுக்கு 15 வயது. அதன்பின் அப்பனும் மகனும் ஒளிந்து திரியும் எட்டு நாள்தான் முழு நாவலும்.

எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். 2019இல் படம் வந்தபோது அப்பாவைத் தியேட்டருக்குக் கூட்டிப் போனேன். படத்தின் முன்கதையில், செருப்புப் போட்டு நடந்ததற்காக மாரியம்மாள் என்ற பெண்ணை அடிக்கிற காட்சியில் அப்பா என் கையைப் பிடித்தவர், அது முடிந்தும் வெகுநேரம் விடவில்லை. வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “அந்தப் பய அத்தன ராத்திரியும் என்னத்தத்தான் தின்னான்?”

அன்றே ‘வெக்கை’யை எடுத்துக் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவர், வரிக்கு அடியில் விரல் வைத்துத்தான் படிப்பார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தார். கிடைத்ததைப் பொங்கித் தின்பது, தண்ணீர் கிடக்கும் இடம் பார்த்துப் படுப்பது, சத்தம் கேட்டால் எழுந்து நகர்வது எல்லாம் வர வர, “இந்த ஆளு காட்டுல கெடந்து எந்திரிச்சவருப்பா” என்றார். அவர் கேட்டதற்கு 1982லேயே பூமணி பதில் எழுதி வைத்திருக்கிறார்.

உடனே வெற்றிமாறனைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். பூமணி சாதிப் பெயரையே எழுதவில்லை. பஞ்சமி நிலம் (வெள்ளைக்காரன் காலத்தில் தலித் மக்களுக்குக் கொடுத்த நிலம்), குடிசை எரிப்பு என்று படம் வெளிப்படையாகப் பேசியது. அந்த முன்கதை இல்லாவிட்டால் எங்கள் ஊர்த் தியேட்டரில் அந்த அமைதி வந்திருக்காது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை சிதம்பரம். அப்பனாக வரும் தனுஷின் சிவசாமி படத்தையே தூக்கிச் சுமக்கிறார், பையன் அவர் நிழலில் நிற்கிறான். நாவலில் நாம் பையன் கூடவே நடக்கிறோம். கொலை செய்த பிள்ளையை, ஏன்டா செய்தாய் என்று வதைக்காமல் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளும் அப்பன், நாவலில் வரும் பரமசிவம். அந்தப் பாசம் எனக்குச் சண்டைக் காட்சிகளைவிடப் பெரிது. படத்தின் கடைசியில் படிப்பைப் பற்றிப் பேசும் வசனமும் நாவலில் கிடையாது. சரணடையப் போகிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். படம் ஓடிய சமயம் எங்கள் பக்கத்துக் கிளை நூலகத்தில் இந்த நாவலைக் கேட்டால் இல்லை என்றார்கள். கரிசல் மண்ணில் இருக்கும் நூலகத்தில் கரிசல் நாவல் இல்லை! சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி வாங்குகிறார்களே, அது எங்கே போகிறது? நான்கைந்து பையன்கள் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனதைப் பார்த்தேன். என் பிரதியைத்தான் அவர்களுக்குச் சுற்றுக்கு விட்டேன். அட்டை கிழிந்து இப்போதும் ஊருக்குள்தான் இருக்கிறது.