ஜெர்மன் தெரியாமல் ஜெர்மனியில் படிக்கலாமா? கேள்வி பதில்

ஜெர்மனிக்கு வரும் வெளிநாட்டு மாணவர்கள் மொழியை எப்படிக் கற்கிறார்கள் என்பதுதான் ஒன்பது வருடமாக என் ஆய்வு. மொழி, படிப்பு பற்றிக் கேளுங்கள். வேலை கிடைக்குமா என்று ஜோசியம் கேட்காதீர்கள்.

நெல்லை மெக்கானிக்கல்: அக்கா, என் எம்.எஸ். முழுக்க இங்கிலீஷில்தான். அங்கே போனால் ஆறு மாதத்தில் ஜெர்மன் தானாக வந்துவிடும் என்கிறார் கன்சல்டன்ட். சரியா?

அவர் ஆறு மாதம் இங்கே இருந்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள், தம்பி.

ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஐரோப்பிய நாடுகளில் 2001-இல் 725 ஆங்கிலவழிப் பட்டப்படிப்புகள் இருந்தன. 2014-இல் அது 8,089. ஊர் மொழி ஒரு வரி தெரியாமலே பட்டம் வாங்கிவிடலாம் என்பது உண்மைதான். சிக்கலே அதில்தான். ஜிம் கோல்மன் என்ற ஆய்வாளர் வெளிநாட்டு மாணவர் யாரோடு பழகுகிறார் என்பதை மூன்று வட்டமாகப் பார்த்தார். உள்ளே சொந்த நாட்டுக்காரர்கள், நடுவில் மற்ற வெளிநாட்டவர், வெளிவட்டத்தில் உள்ளூர்க்காரர்கள். உங்கள் நாளை யோசித்துப் பாருங்கள். ஹாஸ்டல் சமையலறையில் தமிழ், லேபில் ஆங்கிலம், ராத்திரி வீட்டுக்கு வீடியோ கால். இதில் ஜெர்மன் எந்த வாசல் வழியாக வரும்?

இன்னொன்று. ஸ்பானிஷ் கற்க ஆறு வாரம் அர்ஜென்டினா போன அமெரிக்க மாணவர்களை ராபர்ட் டிகைசர் என்ற ஆய்வாளர் கவனித்தார். இலக்கணம் கைவராமல் போனவர்களுக்கு, அங்கே காது நிறைய ஸ்பானிஷ் கேட்டும் பேசிப் பழக முடியவில்லை. விதைக்காத வயலில் மழை பெய்த கதை. பி1, அதாவது ஜெர்மன் மொழித் தேர்வில் நடுத்தர நிலை, அதை முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

ஈரோடு சிவில்: பி1-க்கு எவ்வளவு நாள் ஆகும்?

ஜெர்மன் சொல்லித்தரும் கோதே இன்ஸ்டிட்யூட் கணக்குப்படி, தொடக்கத்திலிருந்து 45 நிமிட வகுப்புகள் 350 முதல் 650 வரை. 'மூன்று மாதத்தில் பி1 கேரண்டி' போஸ்டரைப் பார்த்தால் ஒரு கால்குலேட்டரை எடுங்கள்.

மதுரை மலர்: ஏ.பி.எஸ். சான்றிதழ் எனக்கும் வேண்டுமா மேடம்?

நம் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் சான்று அது. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம். மற்ற விவரம் அவர்கள் இணையதளத்தில் இருக்கிறது.

சேலம் ஈ.சி.ஈ.: ஜெர்மன் கற்காமல் போனால் என்ன ஆகும்? கோர்ஸ் இங்கிலீஷ்தானே?

முதல் பதிலைப் படியுங்கள்.

அரசுப்பள்ளி மாணவன்: பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. இங்கிலீஷே தடுமாற்றம். எனக்கு ஜெர்மன் ஏறுமா அக்கா?

ஏறும். ஆங்கிலத்தின் முதுகில்தான் ஜெர்மன் ஏற வேண்டும் என்று யார் சொன்னது? 'ஷ்டட்' என்றால் நகரம், 'ஷ்டாட்' என்றால் அரசு. குறில், நெடில் மாறினால் பொருள் மாறும். படம், பாடம் என்று சொல்லி வளர்ந்த உங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்புறம் வேற்றுமை. நீங்கள் எட்டு படித்தவர், இங்கே நான்குதான். 'எனக்கு உடம்பு சரியில்லாததால்' என்பதை ஜெர்மனில் 'வைல் இஷ் க்ராங்க் பின்' என்பார்கள். 'பின்' என்ற வினை கடைசியில் நிற்கிறது பாருங்கள்.

கோவை ஜெர்மன் வாத்தியார்: மேடம், பொய் நம்பிக்கை கொடுக்காதீர்கள். அது துணைவாக்கியத்தில் மட்டும். முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டும். 'ஹொய்ட பின் இஷ் க்ராங்க்', அதாவது இன்று எனக்கு உடம்பு சரியில்லை. பையன்கள் தடுக்கி விழுவதே அங்கேதான்.

சார், சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஆனால் இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெர்மனிக்கு வந்த இத்தாலிய, ஸ்பானிய தொழிலாளர்களை மைசல், கிளாசன், பீனமன் ஆராய்ந்தபோது, துணைவாக்கியத்தில் வினையைக் கடைசிக்குத் தள்ளுவதுதான் அவர்கள் கடைசியாகக் கற்ற விதி. 1994-இல் வைனிக்காவும் யங்-ஷோல்டனும் துருக்கி, கொரிய மொழிக்காரர்கள் ஜெர்மன் கற்பதைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் முதல் நாளிலிருந்தே வினையைக் கடைசியில் வைத்தார்கள். அந்த இரண்டும் தமிழைப் போல வினையில் முடியும் மொழிகள்.

கோவை ஜெர்மன் வாத்தியார்: அதைத்தானே சொல்கிறேன்! எல்லா வாக்கியத்தையும் கடைசியில் முடித்தால் பரீட்சையில் மார்க் போகும்.

போகும். துருக்கியரும் கொரியரும் இரண்டாம் இடத்தைப் பிறகு கற்கிறார்கள், இத்தாலியர்கள் கடைசி இடத்தை. ஆளுக்கொரு வாசலில் நுழைகிறார்கள், அவ்வளவுதான். உங்கள் பையன் செய்வது மொழியறிவின்மை இல்லை, தமிழறிவு. சிவப்பு மையில் அடிக்கும்முன் அதையும் அவனிடம் சொல்லுங்கள்.

தஞ்சை ராகவன்: அப்போது ஆங்கிலவழியில் படித்தவர்கள் எல்லாம் மட்டமா?

நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆங்கிலம் சொற்களில் கைகொடுக்கும். 'ஹவுஸ்' (வீடு), 'வாசர்' (தண்ணீர்) எல்லாம் கேட்டதுமே புரியும். ஆனால் வீட்டில் தமிழ் பேசும் எல்லோரிடமும் குறில் நெடில் இருக்கிறது, எந்த வழியில் படித்திருந்தாலும். சண்டைக்கு இதில் இடமே இல்லை.

கோவை ஜெர்மன் வாத்தியார்: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பால் காட்டி வரும் 'டெர், டீ, தஸ்'? அதில் தமிழ் என்ன உதவும்?

ஒன்றும் உதவாது. உயர்திணை, அஃறிணை என்று காரணத்தோடு பிரித்த நமக்கு, 'மேட்ஷென்', அதாவது சிறுமி, ஜெர்மனில் அஃறிணை மாதிரி 'தஸ்' போட்டு வருவது கொடுமைதான். சொல்லையும் அதன் முன்னால் வரும் டெர், டீ, தஸ்ஸையும் சேர்த்தே மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். இதில் நான் உங்கள் கட்சி.

விழுப்புரம் வினோத்: ஜெர்மன் வழியிலேயே எம்.எஸ். படிக்க என்ன பரீட்சை?

டெஸ்ட்டாஃப். வாசிப்பு, கேட்பு, எழுத்து, பேச்சு, நான்கிலும் 4-ஆம் நிலை வாங்கினால் பொதுவாகப் போதும். பேச்சுப் பகுதியில் கம்ப்யூட்டரோடு பேச வேண்டும், அதற்குத் தனியாகப் பழகுங்கள்.

நாகை நர்ஸ்: நர்சிங்குக்கு எந்த லெவல்?

என் துறை இல்லை. நீங்கள் போகும் மாநிலத்தில் தகுதி அங்கீகாரம் தரும் அலுவலகத்தைக் கேளுங்கள், கன்சல்டன்டை அல்ல.

கரூர் ஐ.டி.: மேடம், இங்கிலீஷ் கோர்ஸ் என்றால் ஜெர்மன் தேவையா?

நெல்லைத் தம்பி, இவருக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். வாத்தியார் சார், 'மேட்ஷென்' தவிர வேறு உதாரணம் உண்டா? இருந்தால் போடுங்கள், நாளைக்கு வகுப்பில் எனக்கும் உதவும்.